நேரத்தை மட்டுமே அளக்கும் கருவி

மீயொலி ஓட்டமானி என்று பெயர் பெற்றிருந்தாலும், அந்தக் கருவி நீரின் ஓட்டத்தை நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது நேரத்தை மட்டுமே. மனிதச் செவிக்கு எட்டாத, வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலியே மீயொலி எனப்படுகிறது. குழாயில் சாய்கோட்டின் இரு முனைகளில் இரண்டு உணரிகளைப் பொருத்தி, அவை மாறி மாறி ஒலித்துடிப்பை அனுப்பிப் பெறும்படி செய்தால், ஓட்டத்தின் போக்கில் செல்லும் துடிப்பு சற்று முன்னதாகவும், அதை எதிர்த்து வரும் துடிப்பு சற்றுத் தாமதமாகவும் போய்ச் சேரும். ஆற்றைச் சாய்வாகக் கடக்கும் பரிசலின் கணக்கும் இதுவே. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் நீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும்போது, 45 பாகைச் சாய்வில் செல்லும் துடிப்பின் பயண நேரம் ஏறத்தாழ 95 மைக்ரோ வினாடி. இரு திசைகளுக்கும் இடையிலான வேறுபாடோ 0.09 மைக்ரோ வினாடிதான். உணரிகள் நீரில் நனையும்படி அமைந்த கருவியில் இரு நேரங்களின் தலைகீழ் மதிப்புகளைக் கழித்தால், வெப்பநிலைக்கேற்ப மாறும் ஒலியின் வேகம் கணக்கில் அடிபட்டுப் போய்விடுவது இம்முறையின் அழகு.

நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கருவிக்குச் சொல்லிக் கொடுப்பவர் அதைப் பொருத்தும் மனிதரே. குழாயை வெட்டாமல் வெளியே கட்டும் வகையில் இது இன்னும் தெளிவாகத் தெரியும்: குழாயின் வெளிவிட்டம், சுவரின் கனம், உலோகத்தின் வகை ஆகியவற்றை அவர் பதிய, அவற்றை அப்படியே நம்பிக் கருவி கணக்கிடுகிறது. உள்விட்டத்தில் ஒரு விழுக்காடு பிழை நேர்ந்தால் பரப்பில் இரண்டு விழுக்காடு பிழை சேரும் என்பதால், உள்ளே துருவும் சுண்ணாம்புப் படிவும் ஏறிய பழைய குழாயில் அட்டவணையைப் பார்த்துக் கனத்தைப் பதிவது பொய்க்கணக்கு எழுதுவதற்குச் சமம். பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து எடுத்து, கிரீஸைத் தடவி, உணரியை அழுத்திக் கட்ட வேண்டும்; இடையில் மெல்லிய காற்றுப்படலம் தங்கினாலும் ஒலியின் பெரும்பகுதி உலோகத்துக்குள் புகாமல் திரும்பிவிடும். கிடைமட்டக் குழாயின் உச்சியில் காற்றும் அடியில் வண்டலும் சேர்வதால், தொழில் தெரிந்தவர் கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி நிலைகளில், அதாவது பக்கவாட்டிலேயே உணரிகளை வைப்பார். வளைவுக்கும் பம்புக்கும் அருகில் ஓட்டம் முறுக்கிக்கொண்டு வருமாதலால், உணரிக்கு முன் விட்டத்தைப் போல் பத்து மடங்காவது நேர்க்குழாய் வேண்டும் என்பது பொதுவிதி. இடமில்லை என்று இவ்விதியை மீறுவோரே பிறகு கருவியைக் குறை சொல்வோரில் பெரும்பாலோர்.

காற்றின் வேகத்தை அளக்கும் மீயொலிக் காற்றுமானிக்கும் தத்துவம் ஒன்றே, ஆனால் தொல்லை வேறு. 20 சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் உணரிகளுக்கிடையே வினாடிக்கு ஒரு மீட்டர் காற்று உண்டாக்கும் நேர வேறுபாடு சுமார் 3.4 மைக்ரோ வினாடி. 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலைக்கு 25 மைக்ரோ வினாடி ஆவதால், வந்து சேரும் துடிப்பின் முதல் அலையை ஒரு திசையில் மட்டும் கருவி தவறவிட்டு அடுத்த அலையைப் பிடித்துக்கொண்டால், இலை அசையாத வேளையிலும் வினாடிக்கு ஏழு மீட்டருக்கு மேல் காற்று வீசுவதாகக் காட்டும். உணரியின் முகத்தில் மழைத்துளி தங்கி ஒலியை மங்கச் செய்வதும் இத்தகைய பிழைக்கு ஒரு காரணம். சுழலும் கிண்ணங்களைக் கொண்ட பழைய காற்றுமானி பழுதானால் கிரீச்சிட்டோ நின்றோ அதைக் காட்டிக்கொடுக்கும். மீயொலிக் கருவியோ பிழையையும் இரண்டு தசமத் துல்லியத்தில் அமைதியாக எழுதும்.

ஆகவே குழாயில் நீர் நிறைந்திருக்க வால்வை மூடியும், காற்றுமானியைப் பஞ்சு பதித்த பெட்டிக்குள் வைத்தும், ஓட்டமில்லாத நிலையில் கருவி காட்டும் அளவை நிறுவும் நாளிலேயே குறித்துவைப்பது அவசியம். குறிப்பேடு தொலைந்துவிடும்; தேதியோடு அந்த எண்ணையும் பதிந்த சுவர்க்கனத்தையும் அழியாத மையால் குழாயின் மேலேயே எழுதிவிடுங்கள்.