வாறவைக்கு ஒரு கரண்டி

சிங்க முத்திரை போட்ட சிலோன் தேயிலை ஸ்காபரோவின் தமிழ்க் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. நுவரெலியா, திம்புள, ஊவா எல்லாம் தட்டில் வரிசையாக நிற்கின்றன. விசையைத் தட்டினால் தண்ணீர் கொதித்துத் தானே அணைகிற கேத்தில் வீட்டில் இருக்கிறது. பாலுக்கும் குறைவில்லை. இவ்வளவும் இருந்தும் கொழும்பில் குடித்த வெள்ளவத்தைத் தேத்தண்ணி இங்கே ஒருநாளும் வாய்க்கவில்லை. நானும் கனகாலம் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னேன். பிறகு பாலைச் சொன்னேன். ஊரை விட்டு வந்த நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

எங்கள் வீடு காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருந்தது. மரின் டிரைவ் அப்போது இல்லை. ஒழுங்கை முடிந்தால் ரயில் பாதை, அதற்கு அப்பால் கருங்கல், கல்லுக்கு அப்பால் கடல். ஒவ்வொரு ரயிலுக்கும் அலுமாரிக்குள் கோப்பைகள் கிலுகிலுக்கும். கோட்டையிலிருந்து கந்தோர் ஆட்களை ஏற்றிவரும் பின்னேர ரயில் வெள்ளவத்தை ஸ்டேஷனில் நின்று கிளம்புகிற சத்தம் கேட்டதும் அம்மா கேத்திலை அடுப்பில் வைப்பா. அப்பா படலையைத் திறக்கும்போது தண்ணீர் இரையத் தொடங்கியிருக்கும். அதற்காக யாரும் மணிக்கூட்டைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

பழைய நெஸ்பிறே பேணிதான் எங்கள் தேயிலைப் பேணி. கரண்டிக் காம்பை மூடிக்குக் கீழே கொடுத்து அம்மா நெம்பும்போது ஒரு 'டக்'. அந்தச் சத்தம் கேட்டால் முற்றத்தில் விளையாடுகிற பிள்ளைகள் வாசலுக்கு வந்துவிடுவோம். சுடுதண்ணி ஊற்றி அலசிய டீபொட்டில் ஆளுக்கு ஒரு கரண்டி இலை. கடைசியில் இன்னொரு கரண்டி.

"இது ஆருக்கு அம்மா?"

"வாறவைக்கு."

ஆர் வரப்போகிறார்கள் என்று அவவுக்கும் தெரியாது. ஆனால் வருவார்கள். இராமகிருஷ்ண மிஷன் சொற்பொழிவுக்குப் போகிற வழியில் தலையைக் காட்டிவிட்டுப் போகிற மாமி, யாழ்தேவியில் வந்து இறங்கிப் பாயும் பனங்கட்டிக் குட்டானுமாக நிற்கிற ஊர்ச் சொந்தம், பேப்பர் இரவல் வாங்க வந்து பேப்பரை மறந்து அரசியல் பேசிக்கொண்டிருக்கும் அடுத்த வீட்டு ஐயா, அவரைத் தேடி வந்து தானும் குந்திவிடும் அவருடைய மனைவி, அவவைத் தேடி வரும் பேரன்... போதாதென்றால் அதே இலையில் மறுபடி கொதிதண்ணி. அந்த இரண்டாம் சாயம் பிள்ளைகளுக்கு. நிறம் மங்கலாக இருக்கும். சீனி கூடப் போட்டுச் சமாளிப்பா. நாங்கள் முறையிட்டதில்லை.

பையில் அடைத்த தேயிலையில் இதற்கு இடமில்லை. ஒரு பை, ஒரு கோப்பை, ஒரு ஆள். அதைக் கண்டுபிடித்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை போலும் என்று மட்டும் நினைத்துக்கொள்வேன்.

இலைத் தேயிலை எங்களுக்குக் கிடைத்ததும் ஒரு ஆளால்தான். கடையில் வாங்கியிருந்தால் எல்லோரையும் போல டஸ்ட்தான் குடித்திருப்போம். நல்ல இலையில் பெரும்பகுதி கப்பல் ஏறிவிடும். கொட்டாஞ்சேனை மாமா என்று நாங்கள் கூப்பிட்டவர், புளூமெண்டால் வீதிப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் கணக்கெழுதினார். அவருடைய தாய் தகப்பன் டிக்கோயாவில் கொழுந்து பறித்தவர்கள். ஏலத்துக்கு எடுத்த சாம்பிளில் மிஞ்சியதைக் கடுதாசிச் சரையில் சுற்றிக் கொண்டுவருவார். தை, மாசியில் என்றால் திம்புள. ஆடி, ஆவணியில் ஊவா. கச்சான் காற்று மலையைத் தாண்டிக் காய்ந்து அந்தப் பக்கம் இறங்குகிற மாதங்களில்தான் ஊவா இலைக்கு அந்த வாசம் ஏறும் என்று எனக்குச் சொல்லித்தந்தவர் அவர். சரையைப் பிரித்து, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, மூச்சை அதில் விட்டு, பிறகு மோந்து பார் என்பார். இலை சூடான மூச்சுக்குத்தான் வாய் திறக்குமாம்.

"தங்கச்சி, எனக்குச் சாயத்தண்ணி போதும். சீனிய கையில தாங்க."

அந்தக் குரல். வார்த்தையை அவசரமில்லாமல் இறக்கி வைக்கிற மலைநாட்டுக் குரல். உள்ளங்கைச் சீனியை நக்கி, ஒரு மிடறு, பிறகு ஒரு நீண்ட 'ஆ'. அப்பாவும் 'ஆ' என்பார். இரண்டு பேரும் வேறெதுவும் பேசாமல் இருந்த பின்னேரங்கள் உண்டு.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் அவரிடம் போவோம். ஜம்பட்டா வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்துக்குள் இரண்டே அறை. சாந்த லூசியாள் பேராலயத்து மணியும், கோயில் மணியும், துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தமும் ஒன்றின்மேல் ஒன்று விழும். கிளாஸில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்ரீ, வாழையிலைத் துண்டில் கடலை வடை. கிளாஸ் போதாது. ஒருவர் குடித்துக் கழுவித் தந்தால்தான் மற்றவருக்கு. அதனால் எல்லோரும் குடித்து முடிக்க ஒரு மணித்தியாலம் ஆகும். என் வீட்டு அலுமாரியில் இப்போது பன்னிரண்டு கோப்பைகள், பன்னிரண்டு தட்டங்கள். ஆறு இன்னும் பெட்டியிலேயே இருக்கின்றன.

1883 ஜூலை 30இல் சமர்வில் கொம்பனியின் கந்தோரில் தொடங்கியது கொழும்புத் தேயிலை ஏலம். நூறாம் ஆண்டை மாமா ஆவலோடு எதிர்பார்த்திருந்தார். ஏதோ தன் வீட்டுக் கல்யாணம் போல. அந்த நூறு நிறைந்தது 1983 ஜூலை 30, சனிக்கிழமை. அதற்கு முந்திய திங்கட்கிழமை, 25ஆம் திகதி, தமிழருக்கு எதிரான கலவரத்தில் வெள்ளவத்தை எரிந்தது. சனிக்கிழமை நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில் இருந்தோம். தேத்தண்ணி வாளியில் வந்தது. அம்மா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே இருந்தா. குடிக்கவில்லை.

பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். பிறகு கனடா.

மாமாவை மறுபடி காணவில்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்து ஆட்களை எண்ணிப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மாமா இந்தியப் பங்கில் இருந்தார். போகாமல் தள்ளிக்கொண்டே இருந்தவர், 83 ஜூலைக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறினார். 1984இல் அந்தக் கப்பலும் நின்றுபோனது. கோத்தகிரியிலிருந்து கடிதம் வந்தது. திரும்பியவர்களுக்கென்று தமிழ்நாட்டு அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலை நட்டிருந்தது, அங்கேதான் வேலை. கணக்கெழுதிய கை கடைசியில் கொழுந்துக்கே போய்விட்டது. 'இங்கேயும் தேயிலை நன்றாகத்தான் இருக்கிறது, கூட இருந்து குடிக்க ஆள்தான் இல்லை' என்ற மாதிரி எழுதியிருந்தார். அப்பா அதை வாசித்துவிட்டு மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அன்று எங்களோடு பேசவில்லை.

போர் முடிந்த பிறகு போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி. ரயில் அப்படியே போகிறது. மேல்மாடியில் குளிரூட்டிக்காக அடைத்த கண்ணாடிக்குள் அதன் சத்தம் ஏறவில்லை. ஜம்பட்டா வீதியில் அந்தச் சந்தைக் கண்டுபிடித்தேன், கதவைத் தட்டவில்லை. ஒரு தேத்தண்ணிக் கடையில் குந்தி, உள்ளங்கையில் சீனி கேட்டேன். கடைக்காரத் தம்பி பக்கெற் சீனி இரண்டைத் தந்தான். தேத்தண்ணி நல்லாய்த்தான் இருந்தது. குற்றம் சொல்ல முடியாது. பிறகு, மாமா கொண்டாடக் காத்திருந்த அந்த ஏலத்தில் விலை கேட்கிற குரல்களும் 2020 ஏப்ரலில் ஓய்ந்தன. கொரோனாவோடு ஏலம் முழுக்கக் கணினிக்குள் போய்விட்டது.

அம்மா கடைசிக் காலத்தில் இந்த வீட்டில்தான் இருந்தா. நினைவு தடுமாறிய பிறகும் தேயிலைப் பேணியைத் தானே எடுப்பா. நானும் அவவும் மட்டும் இருந்த வீட்டில் மூன்று கரண்டி போடுவா. இங்கே ஆரும் போன் எடுக்காமல் வரமாட்டினம் அம்மா என்று சொல்லியிருக்கிறேன். நாள் குறித்து, நேரம் குறித்து, வாகனம் நிறுத்த இடமுண்டா என்று கேட்டு, அதற்குள் ஒருவருக்கு வேலை வந்து, 'அடுத்த மாதம் பாப்பம்' என்று முடிகிற ஊர் இது. அவவுக்கு அது விளங்கவில்லை. மூன்றாவது கரண்டித் தேத்தண்ணியை நான்தான் குடித்தேன், அல்லது ஊற்றினேன்.

இப்போது நான் இரண்டு கரண்டி போடுகிறேன். சனிக்கிழமைகளில் பின்னேரம் ஐந்து மணிக்குக் கேத்தில் ஏறும். ஸ்காபரோப் பக்கம் இருக்கிறவர்கள் போன் எடுக்க வேண்டாம். நேரே வாங்கோ.