கடைசி வரிசைப் பையனின் கணக்கு

சென்ற தவணையில் எங்கள் பள்ளிக்கு ஒரு பயிற்சி ஆசிரியை வந்திருந்தாள். தஞ்சோங் மாலிமில் இருக்கும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் படிப்பவள். லோரி ஓட்டுநரின் மகள். பிள்ளைகளிடம் குரலை உயர்த்தாமல் பேசுவாள், பிள்ளைகளும் கேட்டார்கள். எனக்கு அந்தப் பொறுமை வர பத்து வருடம் பிடித்தது என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

ஆசிரியர் அறையில் என் பக்கத்து மேசைதான் அவளுக்கு. ஒருநாள் மத்தியானம் தடித்த கோப்பு ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"டீச்சர், கல்வியோட நோக்கம் என்னன்னு என் சொந்த நம்பிக்கைய ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்காங்க. நீங்க படிச்சப்போ என்ன எழுதுனீங்க?"

"அதெல்லாம் மறந்து போச்சும்மா" என்று சொல்லி மணியடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டேன். சொன்னது பொய். எழுதியது எழுத்துக்கு எழுத்து நினைவில் இருந்தது.

அவளுடைய கோப்பைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் தயார் செய்திருந்தாள். அறிவு, ஆன்மீகம், உணர்ச்சி, உடல் நான்கிலும் சமன்பட்ட மனிதனை உருவாக்க வேண்டும் என்னும் நமது தேசியக் கல்வித் தத்துவம் முதலில் இருந்தது. 1937-இல் காந்தியடிகள் வார்தாவில் முன்வைத்த கைத்தொழில் வழிக் கல்வி இருந்தது. பிரேசில் நாட்டின் பாவ்லோ ஃபிரெய்ரேயும் இருந்தார். 1963-இல் ஆங்கிகோஸ் என்னும் ஊரில் சுமார் 300 ஏழைத் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக் கொடுத்தவர் அவர். அந்நாளில் அந்த நாட்டில் எழுத்தறியாதவனுக்கு ஓட்டுரிமை கிடையாது. எழுத்தைக் கற்றுக்கொண்டால் ஓட்டுப் போடலாம்! அந்த இடத்தைப் படித்ததும் கோப்பை மூடிவிட்டேன். எனக்கு வேறு ஒரு கணக்கு நினைவுக்கு வந்துவிட்டது.

பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் எங்களுக்கும் இதே கேள்வியைக் கொடுத்தார்கள். நான் இப்படி எழுதினேன்: "தோட்டத்துப் பிள்ளையைத் தோட்டத்திலிருந்து வெளியேற்றுவதே கல்வியின் நோக்கம்." விரிவுரையாளர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏன் அப்படி எழுதினேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பீடோரிலிருந்து நாலு கட்டை தூரத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா அடுப்பு மூட்டும் சத்தம் கேட்கும். இருட்டோடு பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டுவார்கள். மழை பெய்தால் வேலையில்லை, வேலையில்லாவிட்டால் கூலியில்லை. நான் புத்தகத்தோடு உட்கார்ந்தால், "படி, இந்த வாளி உன்னோட கைக்கு வரக் கூடாது" என்பார் அப்பா. அந்தப் பேச்சைத்தான் நல்ல தமிழில் எழுதிக் கை தட்டல் வாங்கினேன்.

தோட்டப் பள்ளிகள் பிறந்த கதையைப் பார்த்தால் அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பது தெரியும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும். நடத்தினார்கள். எங்கே? லயத்துக் கோடி அறையிலும் கோயில் கொட்டகையிலும். கற்றுக் கொடுத்தவர் யார்? பல இடங்களில் கங்காணி, அல்லது கிராணி, அல்லது எழுத்தறிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளி இருந்தால் குடும்பம் இடம் மாறாது, பிள்ளையும் நாளைக்கு அதே மரத்தை வெட்டும் என்பது துரைமாரின் எண்ணம். பிள்ளை தோட்டத்திலேயே இருக்கட்டும் என்று அவர்கள் பள்ளி வைத்தார்கள். பிள்ளை தோட்டத்தை விட்டுப் போகட்டும் என்று நம்மவர்கள் பிள்ளையை அனுப்பினார்கள்.

இனி என் தவற்றுக்கு வருகிறேன்.

2003-இல் எனக்கு ஆறாம் ஆண்டு வகுப்பைக் கொடுத்தார்கள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதும் வகுப்பு. அந்தத் தேர்வும் தேசியக் கல்வித் தத்துவமும் 1988 என்னும் ஒரே ஆண்டில் வந்தவை. தத்துவம் சமன்பட்ட மனிதனைக் கேட்டது. தேர்வு ஏழு 'ஏ' கேட்டது. பள்ளிகள் எதைக் கேட்டன என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. (2021-இல் தேர்வை நிறுத்திவிட்டார்கள். இப்போது பெற்றோர் அதைத் தேடுகிறார்கள். அது வேறு கதை.)

வகுப்பில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஏழு 'ஏ' எடுக்கக்கூடியவர்கள் என்று நான்கு பேரைக் கண்டுபிடித்து முன்னால் உட்கார வைத்தேன். இரவு வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு எல்லாம் அவர்களுக்கு. தேறாதவர்கள் என்று ஐந்து பேரைப் பின்னால் வைத்துப் பாடநூலைப் பார்த்து எழுதச் சொன்னேன். சத்தம் போடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த ஐவரில் ஒருவன் எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பையன். பெற்றோர் நாளன்று அவனுடைய தாயார் வேலை முடித்த கையோடு வந்தார். கையில் பால் கறை காயவில்லை.

"படிப்பு ஏறுமா டீச்சர்?"

"தோட்டத்து வேலைக்கு இது போதும்க்கா" என்றேன்.

அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. என் தாயார் வயது இருக்கும். அதே தொழில். "சரி டீச்சர்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். கேவலமாகப் பேசிவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வெளியேறப் போகிறவர்கள் யார், தங்கிவிடப் போகிறவர்கள் யார் என்று பன்னிரண்டு வயதிலேயே பிரித்தாயிற்று. தங்கிவிடுகிறவனுக்கு என்னிடம் பாடம் இல்லை. கை தட்டல் வாங்கிய வாக்கியத்தின் மறுபக்கம் இதுதான்.

பதினொரு வருடம் கழித்து, 2014-இல் ஒரு மாலை, பையன் மோட்டார் சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தான். புகுமுக வகுப்பு, பிறகு படிவம் மூன்று வரை படித்துவிட்டுச் செம்பனைக் குலை வெட்டிக் கொண்டிருந்தான். தோட்டம் கைமாறிவிட்டது. பழைய ஆட்களை நிறுத்துகிறார்கள். அவன் அம்மாவுக்கும் கடிதம் வந்திருந்தது.

"டீச்சர், கணக்குப் போட்டிருக்கேன். சரியான்னு பாத்துக் குடுங்க."

அம்மாள் 1992-இல் வேலைக்குச் சேர்ந்தவர். 22 வருட சேவை. சராசரி ஒருநாள் கூலி 36 வெள்ளி. தோட்ட அலுவலகம் கொடுத்த தாளில் வருடத்துக்கு 15 நாள் கூலி என்று போட்டு 11,880 வெள்ளி என்று இருந்தது. பையன் தொழிலாளர் இலாகாவிலிருந்து ஒரு மலாய்க் கையேடு வாங்கி வந்திருந்தான். 1980-ஆம் ஆண்டு ஆட்குறைப்பு நிவாரண விதிகள். இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் கூலி. இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். அந்த வரியின் கீழ்ப் பென்சிலால் கோடு போட்டிருந்தான். அவனுடைய கணக்கில் 22-ஐ 20-ஆல் பெருக்கி, வந்த 440-ஐ 36-ஆல் பெருக்கி, 15,840 வெள்ளி. வித்தியாசம் 3,960 வெள்ளி.

நான் இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"யாருடா உனக்குச் சொன்னது?"

"படிச்சேன் டீச்சர்."

இன்னொரு தாளும் கொண்டு வந்திருந்தான். லயத்தில் இன்னும் பதினொரு குடும்பங்களின் கணக்கு, பெயர், சேர்ந்த வருடம், கூலி என்று கட்டம் போட்டு. அவர்களில் பலருக்கு மலாய்க் கடிதம் வாசிக்க வராது. அவன் வாசித்துக் காட்டியிருக்கிறான். எட்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பதையும் அவன்தான் எடுத்துச் சொன்னானாம். அலுவலகத்தார் தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, தாளைக் காட்டியதும் மாற்றி எழுதிக் கொடுத்தார்கள். வீட்டைக் காலி செய்யத்தான் வேண்டியிருந்தது. அதற்கு அவனுடைய கணக்கில் வழியில்லை. பீடோர்ப் பக்கம் சிலர், தாப்பாப் பக்கம் சிலர் என்று வாடகைக்குப் போனார்கள்.

இதில் என் பங்கு ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். வாய்ப்பாட்டை மூன்றாம் ஆண்டில் ஓர் ஆசிரியர் மனப்பாடமாக்கி விட்டிருந்தார். அவர் இப்போது இல்லை. மலாய் புகுமுக வகுப்பில் வந்தது. கட்டம் போட்டு எழுதும் பழக்கம் ஒருவேளை நான் கொடுத்த பார்த்தெழுதும் வேலையில் வந்திருக்கலாம். அவ்வளவுதான்.

மறுநாள் இதையெல்லாம் பயிற்சி ஆசிரியையிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்படின்னா தோட்டத்த விட்டு வெளிய போகணும்னு நினைக்கறது தப்பா டீச்சர்? எங்கப்பா அதுக்குத்தான என்னைப் படிக்க வச்சாரு" என்றாள். நல்ல கேள்வி. தப்பில்லை என்றேன். இன்றைக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருவர் பல்கலைக்கழகம் போனால் நான் வீடு வீடாகச் சொல்லிக் கொண்டுதான் திரிகிறேன். போதாக்குறைக்கு வெளியேறத் தோட்டமும் இப்போது எங்கே இருக்கிறது? லயங்கள் காலி. குலை வெட்டுவது பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். தோட்டத்தின் பெயரைப் பலகையில் தாங்கி நிற்கும் எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகள் டவுனிலிருந்து வேனில் வருகிறார்கள். ஆனால் மூன்று பிள்ளைகள் இன்னமும் என் வகுப்பில் பின் வரிசையில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு என்ன பாடம் வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். அவள் கோப்பில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

அந்த வாரக் கடைசியில் தைப்பிங் விலங்குத் தோட்டச் சுற்றுலாவுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதம் வாங்கினோம். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள். பெற்றோர் வரிசையாக வந்து, நாங்கள் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பயிற்சி ஆசிரியையும் என் பக்கத்தில் இருந்தாள். வரிசையில் அவனும் வந்தான். இப்போது செம்பனை ஆலையில் வேலை. மூத்த மகள் எங்கள் பள்ளியில்தான்.

கடிதத்தை வாங்கி நின்றபடியே முதல் வரியிலிருந்து வாசித்தான். திருப்பிப் பின்பக்கத்தையும் வாசித்தான். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவன் அவசரப்படவில்லை.

"டீச்சர், பிள்ளைங்களுக்குக் காப்புறுதி இருக்குன்னு போட்டிருக்கு. பஸ்ஸுல போறப்பவும் சேத்தியா, இல்ல பள்ளிக்கூடத்துக்குள்ள மட்டுந்தானா?"

எனக்குத் தெரியவில்லை. கேட்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து அலுவலகத்துக்குப் போனேன்.