உத்தராயணத்தில் அகமதாபாத்

ஜனவரி 14-ஆம் நாள் அகமதாபாத் நகரில் தரையில் நிற்பவரைக் காண்பது அரிது. பெரும்பாலும் நாம் பொங்கற் பானை ஏற்றும் அதே நாளில் குஜராத்திகள் உத்தராயணம் கொண்டாடுகின்றனர். பழைய நகரின் ‘போள்’ என்னும் குறுந்தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று உரசி நிற்கும். அவற்றின் மொட்டை மாடிகளில் குடும்பங்கள் கூடிவிடும். மணிநகரில் வாழும் நம்மவர் பிள்ளைகளும் பொங்கல் உண்ட கையோடு மாடி ஏறிவிடுகின்றனர்.

வானத்தைவிட, முதல் நாள் இரவு அவ்வீட்டுத் திண்ணைகளே காணத் தக்கவை. கடையில் வாங்கிய பட்டத்தை எவரும் அப்படியே பறக்கவிடுவதில்லை. மெல்லிய காகிதம், நடுவே ஒரு மூங்கிற் குச்சி, குறுக்கே வில்லாய் வளைந்த மற்றொன்று, பட்டம் இவ்வளவுதான். சென்னைச் சிறுவர் ‘சூத்திரம்’ என்பதை இங்கே ‘கின்னா’ என்பர். அந்நூல் நுழையும் துளைகளில்தான் காகிதம் முதலிற் கிழியும். ஆதலால் துளையிடுமுன்பே அங்கே ‘குந்தர் பட்டி’ என்னும் கோந்து நாடாவில் நகக்கண் அளவு கிள்ளி ஒட்டுகின்றனர். வில்லின் நுனிகள் துருத்தும் மூலைகளுக்கும் அவ்வாறே. நல்ல பட்டத்தில் விளிம்பை மடித்து உள்ளே நூல் ஓட்டியிருப்பர். கிழிசல் அந்நூலோடு நின்றுவிடும். நடுக்குச்சி விறைப்பாயிருந்தால் தலைமீது வைத்து மெல்ல வளைத்துப் பதப்படுத்துவர்! ஒட்டு ஒருபுறம் கனத்தால் பட்டம் அப்பக்கமே சாய்ந்து சுழலும். எனவே இடப்புறம் ஒட்டியதை வலப்புறமும் ஒட்டவேண்டும். அளவு மிஞ்சினாலோ, எழும்பவே எழும்பாது.

வலுவூட்டும் ஆசை நூலுக்குத் தாவியபோதுதான் வினை விளைந்தது. ராய்ப்பூர் தர்வாஜா அருகே கம்பங்களுக்கிடையே பருத்தி நூலை இழுத்துக் கட்டி, சோற்றுப் பசையும் கண்ணாடித் தூளும் சாயமும் பூசுவது நெடுநாள் தொழில். பின்னர் அறாத நைலான் மாஞ்சா வந்து, சாலையிற் செல்வோர் கழுத்தையும் பறவைகளின் சிறகையும் அறுத்தது. 2017-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதனை நாடு முழுவதும் தடைசெய்தது. ஆயினும் கள்ளத்தனமாக விற்பனையாகிறது. அதனால் ஸ்கூட்டரின் முன்புறம் வளைந்த இரும்புக் கம்பி பூட்டியும், கழுத்தில் துணி சுற்றியும் மக்கள் செல்கின்றனர். காயமுற்ற பறவைகளை மீட்க அரசினர் ‘கருணா அபியான்’ நடத்துகின்றனர்.

பண்டிகைக்கு உறவினர் இல்லம் செல்லும் நம்மவரும் அக்கம்பியைப் பூட்டிக்கொள்வது நலம். பிள்ளைகளுக்கு வெறும் பருத்தி நூலே போதும். பறவைகள் கூடுவிட்டுப் புறப்படும் காலையிலும், திரும்பும் அந்தியிலும் பட்டத்தை இறக்கிவிடச் சொல்லுங்கள். ‘வாசி உத்தராயண்’ எனும் 15-ஆம் நாளும் கழிந்தபின், மாடியிலும் வாசல் மரத்திலும் தொங்கும் நூலைத் திரட்டி எடுக்கும் வேலை ஒன்று எஞ்சியிருக்கிறது.