ஊர் பேரை மறைக்காதே

லாயாங் லாயாங்,
ஜொகூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு, அக்கா எழுதுவது.

நாளைக்கு மாமா கோலாலம்பூர் வருகிறார். அவர் கையில் கொல்லை ரம்புத்தானும் இந்தக் கடிதமும் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை.

இன்சியாட் வணிகப் பள்ளியில் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள் என்றதும் அம்மா சாமி மாடத்தில் விளக்கேற்றினாள். ஆனால் நேர்காணல் செய்ய அவர்கள் பெயர் கொடுத்த இரண்டு பழைய மாணவர்களுக்கும் நாலு நாளாகியும் நீ எழுதவில்லையாமே! எதற்கடி இந்தப் பயம்?

எந்தப் பள்ளியில் நேர்காணல் எப்படி என்று நானும் படித்துப் பார்த்தேன். ஹார்வர்டில் விண்ணப்பத்தை முழுக்கப் படித்துவிட்ட அலுவலர்களே அரை மணி நேரம் கேள்வி கேட்கிறார்கள். வார்ட்டனில் ஐந்தாறு பேரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டு, யார் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்க்கிறார்கள். நம் நாடு மெர்டேக்கா வாங்கிய அதே 1957-இல் பிரான்சில் தொடங்கி, 2000-இல் சிங்கப்பூருக்கும் வந்த உன் பள்ளி, அங்கே படித்துவிட்டு இப்போது வேலையில் இருப்பவர்களிடம் உன்னை அனுப்புகிறது. நாளும் இடமும் நீயும் அவர்களும் பேசி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இருவரும் உன்னைத் தனித்தனியே பார்த்து எழுதி அனுப்புவார்கள். முடிவு சேர்க்கைக் குழுவின் கையில். சொந்த வேலைக்கு நடுவே உனக்காக நேரம் ஒதுக்குகிறவர்களைக் காக்க வைக்கலாமா? இரண்டு மூன்று நாளைக் குறித்து, எது வசதி என்று மரியாதையாகக் கேள்.

உன் பயம் எனக்குத் தெரியும். தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்பதுதானே? உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். என் முதல் நேர்காணலில் ஊரைக் கேட்டார்கள். நம் ஊர்ப் பேரை மறைத்து, குளுவாங் டவுன் என்றேன். எந்தத் தெரு என்றார் கேள்வி கேட்ட அம்மா. நாக்கு ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு நான் சொன்ன உண்மைகூட எனக்கே பொய்யாகக் கேட்டது. அந்த வேலை கிடைக்கவில்லை.

நீ அப்படிச் செய்யாதே. லாயாங் லாயாங் என்றே சொல். மலாயில் அதற்குப் பட்டம் என்று அர்த்தம் என்றும் சொல். தலைமைப் பண்பைப் பற்றிக் கேட்டால் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்காதே. மூன்றாம் படிவத்தில் படிக்கும்போது, அப்பா வெட்டிய செம்பனைக் குலைகளைப் பழைய பள்ளி நோட்டில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுத் தினமும் குறித்து வைத்தாயே, அதைச் சொல். சம்பளச் சீட்டில் 18 குலை குறைந்த மாதம், அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு சம்பளக் கணக்கு எழுதும் கிராணி முன்னால் போய் நின்றாய். குரல் நடுங்கியது, ஆனால் கணக்கு நடுங்கவில்லை. அடுத்த மாதம் அப்பாவுக்கு அந்தக் காசு வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் நோட்டுப் போட ஆரம்பித்தார்கள். இதைவிடப் பெரிய பதில் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

அந்த நோட்டு இன்னமும் அம்மாவின் பெட்டியில்தான் இருக்கிறது, பாப்பா. நேற்று எடுத்துப் பார்த்து ரெண்டு பேரும் அழுதோம்.

ரம்புத்தானை அப்புறம் தின்னலாம். முதலில் அந்த இருவருக்கும் எழுது. எழுதியதும் எனக்குப் போன் பண்ணு. எத்தனை மணியானாலும் விழித்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா