பன்னிரண்டு வோல்ட்டைத் தேடி வெள்ளிமலைக்கு

பழைய போர்வையில் சுற்றிய சிபியுவை மடியில் வைத்துக்கொண்டே மலைப் பேருந்தில் கள்ளக்குறிச்சிக்கு வந்திருந்தார் ஒரு தம்பி. ஊர் வெள்ளிமலைப் பக்கம். கல்வராயன் மலைக் கிராமங்களில் நடக்கும் கல்யாணம், காதணி விழாக்களுக்கு வீடியோ எடுத்து எடிட் செய்து தருவது தொழில்.

"ரெண்டர் போட்டா பத்து நிமிஷத்துல டிஸ்ப்ளே போயிடுதுண்ணே. ஃபேன் மட்டும் பேய்க்கூச்சல் போடுது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு."

வேறொரு கடையில் காட்டியிருக்கிறார். கிராபிக்ஸ் கார்டு போய்விட்டது, புதுசு வாங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். புதுசு என்றால் அவருக்கு மூன்று கல்யாணத்தின் கூலி.

கணினி பழுது பார்க்கும் இந்தக் கள்ளக்குறிச்சி கடைக்காரர் உடனே எதையும் கழற்றவில்லை. முதலில் கேள்விகள். ஆன் பண்ணும்போதே போகிறதா, வேலை பார்க்கும்போதா? திரையில் கோடு, கட்டம் ஏதாவது வருகிறதா? பகலிலா, ராத்திரியிலா? "சாயங்காலம்தாண்ணே அதிகம்" என்றார் தம்பி. அந்தப் பதிலை அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை. அவரும்தான்.

கார்டு ஆர்எக்ஸ் 580, செகண்ட் ஹேண்ட். அதைக் கேட்டுக் கடைக்காரர் முகம் சுருங்கியதற்குக் காரணம் இருந்தது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் முறை நின்றுபோனபோது, இரவுபகலாக உழைத்துத் தேய்ந்த கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. இந்த மாடலும் அவற்றில் நிறைய. மெமரி சிப்புகள் சூட்டில் வாடியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்.

கடைக்காரரின் அப்பா மரச்சிற்பி. 2021-ல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம்தான் குடும்பத் தொழில். செதுக்கிய மடிப்புகளிலிருந்து மரத்தூள் தட்ட அப்பா வைத்திருந்த பிரஷ்தான், கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே படிந்த தூசியை இப்போது எடுக்கிறது. தங்கமுலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் அழுத்தாமல் தேய்த்தார். காய்ந்து பொரிந்த தெர்மல் பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிது வைத்தார். எல்லாவற்றையும் மாட்டி இரண்டு மணி நேரம் முழு பாரத்தில் ஓடவிட்டார். சூடு 72 டிகிரியில் நின்றது. திரை ஒரு முறைகூட அணையவில்லை.

சிபியுவோடு ஊர் திரும்பிய தம்பியிடமிருந்து அன்று சாயங்காலமே போன். மறுபடியும் போய்விட்டது.

"கார்டுதான் போச்சுன்னு சொல்லிட்டா என் வேலை முடிஞ்சிரும் சார். ஆனா இங்க ஓடுதே, அங்க ஏன் ஓடல?" ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டர், கடையில் இருந்த கார்டு ஒன்று, கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பினார். பின்சீட்டில் நான். கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வளைவுகளில் ஏறும்போது பை குலுங்காமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கச் சொன்னார்.

தம்பியின் வீட்டில் யூபிஎஸ் பேட்டரி செத்து, சிஸ்டம் நேராகப் பிளக்கில் இருந்தது. கடையில் இருந்து கொண்டுபோன கார்டை மாட்டினார். ரெண்டர் போட்டோம். வெகுநேரம் நன்றாக ஓடியது. பொழுது சாய்ந்ததும் வீட்டு அம்மா தண்ணீர் மோட்டாரைப் போட, கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. நல்ல கார்டும் அதே மாதிரி விழுந்தது.

அவர் எழுந்து போய்ப் பிளக்கை அளந்தார். மோட்டார் ஓடாதபோது 225 வோல்ட், ஓடும்போது 178. பிறகு கார்டுக்குப் போகும் எட்டு முனை ஒயரின் பின்புறம் மீட்டரைச் செருகினார். அங்கே 12 வோல்ட் நிற்க வேண்டும். 11.4-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது விதி. ரெண்டர் ஓட, மோட்டாரும் ஓட, மீட்டர் 11.1 காட்டியது. திரை கறுத்தது.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி, லேபிளை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சின்ன எழுத்தில், 12 வோல்ட் லைனுக்கு 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட்தான். கார்டு மட்டுமே முழு வேலையில் 185 வாட் கேட்கும், பிராசஸர் இன்னொரு 65. கடையில் மின்சாரம் சீராக இருந்ததால் அந்த எஸ்எம்பிஎஸ் மூச்சுப்பிடித்துத் தாங்கியிருக்கிறது.

"பெரிய எழுத்த மட்டும்தான் நானும் படிச்சிருக்கேன் தம்பி. சாயங்காலம்னு நீ சொன்னதையும் காதுல வாங்கல." பயணத்துக்கும் கூலிக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார், எஸ்எம்பிஎஸ் விலை மட்டும். இப்படிச் சொல்லும் மெக்கானிக்கை நான் அதிகம் பார்த்ததில்லை. பழுது பார்ப்பவர்களைப் பற்றி எழுதும்போது கைத்திறனையே எழுதுகிறோம். இந்த ஒப்புக்கொள்ளலையும் அதில் சேர்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

புது எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் வாங்கிக்கொள்ளும், 12 வோல்ட் லைனில் 42 ஆம்பியர் தரும். தம்பியின் பழைய ஆர்எக்ஸ் 580-ஐயே திரும்ப மாட்டி, மிக நீளமான கல்யாண வீடியோவைத் தேர்ந்தெடுத்து ரெண்டர் போடச் சொன்னார்.

"அம்மா, மோட்டாரப் போடுங்க."

பத்து நிமிடம் போனது. இருபது போனது. மீட்டர் 12.0-ஐ விட்டு நகரவில்லை. திரையில் மணமக்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள். வெளியே தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டது. அம்மா வாசலில் வந்து நின்றார். "இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றார் அவர், மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.