சிங்கப்பூரில் காக்காவுக்குச் சோறு வைக்கலாமா?

சிங்கப்பூரில் விடிவதற்கு ஏறக்குறைய ஏழு மணி ஆகிவிடும். ஆனால் தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்பில் அதிகாலை ஐந்து மணிக்கே ஒரு குரல் எழுப்பிவிடும். 'கூ... ஊ...' அலாரம் இல்லை, நம்ம ஊர்க் குயில்தான்! "இங்கேயுமா?" என்று ஆச்சரியப்படாத தமிழர் இருக்க மாட்டார்.

குயிலுக்குச் சொந்தமாகக் கூடு கட்டத் தெரியாது, காகத்தின் கூட்டில்தான் முட்டையிடும். அந்தக் காகங்களின் கதை சுவாரஸ்யமானது. 1890-களில், காபித் தோட்டப் புழுக்களை ஒழிப்பதற்காக இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்குக் காகங்களைக் கொண்டுவந்து விட்டார்கள். தோட்ட வேலைக்கு நம்மவர்கள் கப்பலேறிய அதே காலம்! காகம் பெருகிய ஊர்களில் குயிலுக்கும் வசதியாகிவிட்டது.

உணவங்காடிக்குப் போனால் மைனாக்களின் ராஜ்ஜியம். நாற்காலியை விட்டு எழுந்ததுமே நாலைந்து வந்து தட்டில் இறங்கும். "தட்டைத் திருப்பி வைக்காம போனா, மிச்சம் மைனாவுக்குத்தான்மா" என்று சிரிக்கிறார் தேநீர்க்கடை அண்ணன். 2021 முதல் சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைப்பது இங்கே கட்டாயம்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்குக் காலை நடைக்குப் போனால், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பத்தைப் பார்க்கலாம். பூங்கா ஓரம் ஒரு காலத்தில் சிமென்ட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றை, 2012-ல் செடிகொடிகளோடு ஓடும் இயற்கையான ஆறாகவே மாற்றினார்கள். மீன் வந்தது, நீர்நாயும் வந்தது. கரையோரம் உடும்புகள் வெயில் காயும். நாட்டிலிருந்தே காணாமல்போயிருந்த இருவாச்சி 1994-ல் புலாவ் உபின் தீவில் மீண்டும் தென்பட்டது. இன்று அது குடியிருப்புகளின் ஜன்னல் வரை வருகிறது.

எல்லோருக்கும் இது பிடிக்கிறதா என்றால், இல்லை. சில நீர்நாய்கள் வீட்டுத் தொட்டியில் வளர்க்கும் விலை உயர்ந்த மீன்களை விருந்தாக்கிவிடுகின்றன. குயில் கூவினால் தூக்கம் கெடுகிறது என்பார்கள் சிலர். 2017-ல் சின் மிங் பகுதியில் கோழிகள் சத்தம் போடுவதாகச் சுமார் 20 புகார்கள் வர, 24 கோழிகளைக் கொன்றுவிட்டார்கள். "கோழி கூவினால் என்ன குறைந்துவிடும்?" என்று அந்த வட்டாரத்திலேயே எதிர்ப்பும் கிளம்பியது.

நம்மவர்களுக்கு வரும் சங்கடம் வேறு மாதிரி. ஊரிலிருந்து பேரக் குழந்தையைப் பார்க்க வரும் பாட்டிகள், அமாவாசையன்று கையில் சோற்று உருண்டையோடு, "காக்காவுக்கு எங்கேடா வைக்கிறது?" என்று கேட்பார்கள். 2020 முதல் இங்கே காட்டுயிர்களுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். காகம், புறா, மைனா எதற்கும் விலக்கில்லை. பாவம், பாட்டிக்கு ஜன்னலைப் பார்த்தபடி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் குரங்குகளைப் பார்த்தால் காரணம் புரியும். மனிதர்கள் தின்னக் கொடுத்துப் பழக்கிய குரங்குக்கு, பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடுதான். அது பையைப் பறிக்கும், ஜனங்கள் பயப்படுவார்கள், புகார் போகும். கடைசியில் உயிரை இழப்பது குரங்குதான். ஒருவர் கொடுத்த வாழைப்பழத்துக்கு அது கொடுக்கும் விலை அது!

உயிர்களிடம் அன்பு காட்ட நமக்குத் தெரிந்த வழி சோறு போடுவது. இந்த ஊர் கேட்கும் அன்பு கொஞ்சம் கஷ்டமானது: தள்ளி நின்று பார், சும்மா விடு.

அடுத்த முறை சிங்கப்பூர் போனால், மெரினா பே செல்ஃபியோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருநாள் காலை ஏதாவதொரு குடியிருப்பைச் சுற்றி நடந்து பாருங்கள். டிக்கெட் கிடையாது. கையில் தீனி மட்டும் வேண்டாம்!