ஆயா சுட்ட கிளிஞ்சல்

சென்ற பருவத்தில் ஒரு நாள், வேதியியல் செய்முறை வகுப்பு முடியும் நேரம். மீந்திருந்த நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், பழவேற்காட்டில் பொறுக்கிய கிளிஞ்சல் துண்டு ஒன்றை விளையாட்டாகப் போட்டேன். நுரை பொங்கியது. வந்த வாயுவைச் சுண்ணாம்பு நீரில் செலுத்தினேன், பால்போல் வெளுத்தது. கரியமிலவாயு! இதிலென்ன புதுமை என்று குழாயைக் கழுவப் போனவனை எங்கள் விரிவுரையாளர் நிறுத்தினார்.

"இந்த வாயுவில் உள்ள கார்பனுக்கு என்ன வயது, சொல் பார்க்கலாம்?"

கார்பனுக்கு வயதா! எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் அந்தக் கேள்வி கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் என்னுடனேயே வீடு வந்து சேர்ந்தது.

பிறகு நூலகத்தில் படித்தேன். காஸ்மிக் கதிர்களால் காற்றுமண்டலத்தின் மேலே கார்பன்-14 உண்டாகிறது. 5,730 ஆண்டுகளில் அதில் பாதி சிதைந்துவிடும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது அறவே இல்லை. ஆகவே எங்கள் சிப்காட் பேட்டையில் எரியும் நிலக்கரியும் காற்றிலுள்ள கார்பன்-14இன் விகிதத்தைச் சிறிது குறைக்கவே செய்கிறது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளோ அதை ஏறக்குறைய இரு மடங்காக்கின. தீமையில் விளைந்த ஒரு நன்மை: அந்தக் குண்டுக் கார்பன் கடலுக்குள் எப்போது, எவ்வளவு இறங்கியது என்று தேடிப் பார்க்க முடிகிறது.

தேடியவர்களில் நம் நாட்டவரும் உண்டு. அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சுப்ரியோ சக்கரவர்த்தி, ஆர். ரமேஷ், எஸ். கிருஷ்ணசாமி ஆகியோர் 1994இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். கட்ச் வளைகுடாப் பவளம் ஒன்றையும், மும்பையை அடுத்த தாணேயின் தேக்கு மரம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு, ஆண்டு வளையங்களை ஒப்பிட்டார்கள். மரம் காற்றின் கணக்கை எழுதியிருந்தது. பவளம் கடல்நீரின் கணக்கை. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, காற்றுக்கும் கடலுக்கும் இடையே கரியமிலவாயு பரிமாறும் வேகத்தை மதிப்பிட்டார்கள்.

ஆனால் அது மேற்பரப்புக் கடல். வெளிச்சம் புகாத ஆழத்திலும் பவளங்கள் உண்டு என்பது எனக்குப் பெருவியப்பு. ஹவாய்த் தீவுகளையடுத்த ஆழத்துக் கரும்பவளம் ஒன்றின் வயது 4,265 ஆண்டுகள் என 2009இல் கண்டறிந்தார்கள். நம் சங்கப் புலவர்கள் பிறக்கும் முன்பே அது வளரத் தொடங்கிவிட்டது! மூங்கில் பவளம் என்று இன்னொன்று. பெயருக்கேற்பக் கணுக்கணுவாக இருக்கும். அதன் சுண்ணாம்புத் தண்டு சுற்றியுள்ள ஆழ்நீரின் கார்பனால் ஆனது. கொம்பு போன்ற கணுவோ மேலிருந்து விழும் உணவின் கார்பனால் ஆனது. ஒரே உடம்பில் கீழ்க்கடலுக்கு ஒரு பேரேடு, மேற்கடலுக்கு ஒரு பேரேடு! நாம் புகைத்துவிடும் கார்பனில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. முன்பு எப்படி வாங்கியது, எவ்வளவு காலம் ஆழத்தில் வைத்திருந்தது என்று கேட்க வேறு சாட்சிகள் அதிகமில்லை. அவற்றையும் கடலடியை வாரும் இழுவலைகள் நொறுக்குகின்றன.

இதையெல்லாம் ஒரு மாலை ஆயாவிடம் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு தடுமாறிற்று. ஆயா இளம் வயதில் சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல் சுடக் கூலிக்குப் போனவர். மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளையே வெட்டிச் சுண்ணாம்பாக்கிய காலமும் உண்டு. 2001இல்தான் அவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன.

"அப்போ நான் சுட்டதெல்லாம் கணக்கு நோட்டாடா?"

"கிளிஞ்சல் நாலைஞ்சு வருஷக் கணக்குதான் ஆயா. பவளம் மாதிரி இல்லை."

"நாலைஞ்சு வருஷம்னாலும் கணக்குதானே. அப்பவே தெரிஞ்சிருந்தா ரெண்டு கூடை எடுத்து வெச்சிருப்பேன்." சற்று யோசித்தார். "வெச்சிருந்தா அன்னிக்கு உங்கப்பனுக்குக் கஞ்சி யாரு ஊத்தறது?"

எந்தப் பாடப்புத்தகத்திலும் இதற்கு விடை இல்லை. ஆயா வெற்றிலையை விரித்துச் சுண்ணாம்பு தடவினார். கடையில் வாங்கிய சுண்ணாம்பு. அவருக்கு அது எப்போதும் காரம் போதாது.